நினைவூட்டல் தராத நாட்காட்டி: உங்களுக்கும் நேர்ந்ததா?

என் லினக்ஸ் கணினியில் நாட்காட்டி மூன்று நாட்களாக வாய் திறக்கவில்லை. இரண்டு கூட்டங்கள் போயின. செயலியைத் திறந்தால் நிகழ்வுகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. மூடித் திறந்தேன், பயனில்லை. நாம் பார்க்கும் சாளரம் வெறும் முகம், சர்வரோடு பேசுவதும் நினைவூட்டுவதும் பின்னணிச் சேவையின் வேலை என்பது அப்போதுதான் உறைத்தது.

பின்னணிச் சேவைகளைக் கையாளும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் அந்தச் சேவையின் நிலையைப் பார்த்தேன். (பயனரின் சொந்தச் சேவைகளில் தேடச் சொல்லும் யூசர் தெரிவைச் சேர்க்க மறந்து, 'அப்படி ஒரு சேவையே இல்லை' என்ற பதிலோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டியது தனிக் கதை.) 'இயங்குகிறது' என்றது. நம்பிவிட்டேன். மறுநாள்தான் அதே வரியின் கடைசியைப் படித்தேன்: தொடங்கி நான்கு நொடிதான் ஆகியிருந்தது! விழுவதும் எழுவதுமாக இருந்திருக்கிறது. எப்போது பார்த்தாலும் எழுந்து நிற்கும் நேரம்தான் என் கண்ணில் பட்டது.

சேவைகளின் பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையில் பார்த்தால், ஒவ்வொரு முறை விழும் முன்பும் ஒரே நிகழ்வின் அடையாள எண். எங்கிருந்தோ இறக்குமதி செய்த கோப்பில் வந்தது. முடியும் நேரம் தொடங்கும் நேரத்துக்கு முன்பே இருந்தது. நாட்காட்டிக் கோப்புகளுக்கான பொதுத் தரமான ஐகேலண்டரின் விதி (ஆர்எஃப்சி 5545) இதை அனுமதிப்பதில்லை. அதற்காகச் சேவை செத்து விழ வேண்டுமா என்பது வேறு விஷயம்.

சர்வர் தரவின் நகல் இருக்கும் கேஷ் கோப்புறையை நகர்த்திவிட்டுச் சேவையைத் தொடங்கினேன். பத்து நிமிடம் நிம்மதி. பிறகு கேல்டேவ் (நாட்காட்டியைச் சர்வரோடு இணைக்கும் நெறிமுறை) ஒத்திசைவு அதே நிகழ்வைச் சர்வரிலிருந்து பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்தது. இணையப் பக்கம் வழியாகச் சர்வரிலேயே அழித்த பிறகுதான் தீர்ந்தது.

* * *

நகர்த்தினீர்களே, அழிக்கவில்லையே, நல்லவேளை. நான் கேஷோடு, செயலிகள் தம் தரவை வைக்கும் லோக்கல் ஷேர் கோப்புறையையும் சேர்த்து அழித்தேன். சர்வர் நாட்காட்டிகள் திரும்பி வந்தன. கணினியில் மட்டும் இருந்த நாட்காட்டி அந்த இரண்டாவது கோப்புறையில்தான் இருந்தது. போயே போய்விட்டது.

* * *

எனக்குச் சேவை விழவே இல்லை. மடிக்கணினியை மூடித் திறந்த நாட்களில் மட்டும் நினைவூட்டல் தாமதமாக வந்தது. இரண்டு மணி நேரம் உறக்கத்தில் இருந்தால் சரியாக இரண்டு மணி நேரத் தாமதம். லினக்ஸில் கடந்த நேரத்தை எண்ணும் உள் கடிகாரங்களில், மோனோடோனிக் கடிகாரம் உறக்க நேரத்தைக் கணக்கில் கொள்ளாது. பூட்டைம் கடிகாரம் கொள்ளும். என் செயலி முதலாவதை நம்பியிருந்திருக்க வேண்டும். புதிய பதிப்பு வரும்வரை, கணினி விழித்ததும் சேவையை மறுதொடக்கம் செய்ய ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன்.