பூஸ்டர் பம்புக்குத் ‘துணை எக்கி’ சரிவருமா?

வணக்கம் ஐயா,

நீச்சல்குளத்தைத் துப்புரவு செய்யும் கருவிக்குத் தண்ணீர் தள்ளும் பூஸ்டர் பம்பைத் ‘துணை எக்கி’ (எக்கி என்றால் பம்பு) எனலாம் என்று எழுதியிருந்தீர்கள். அதே சொல்லைப் போன வருடம் பினாங்கின் தஞ்சோங் தோக்கோங்கில் ஒரு கொண்டோவின் (அடுக்குமாடிக் குடியிருப்பின்) பம்ப் ரூமில் சுவிட்சுக்கு மேல் நானே எழுதி ஒட்டினேன். மெயின் பம்பு நின்றுபோன ஒரு காலையில், புதிதாக வேலைக்கு வந்த தம்பி ‘துணை இருக்கிறதே’ என்று அதைத் தட்டிவிட்டார். தண்ணீர் இல்லாமல் ஓடி, கசிவைத் தடுக்கும் சீல் கருகிவிட்டது. மாற்றுவதற்குக் கழற்றியபோது அதன் விளிம்பு கையில் பொடியாக உதிர்ந்தது.

அவர்மேல் குற்றமே இல்லை. ஸ்டாண்ட்பை பம்பு பார்த்துப் பழகியவருக்குத் துணை என்றால் ‘அது இல்லாவிட்டால் இது’ என்றுதான் படும்.

இது அப்படிப்பட்ட பம்பு அல்ல. மெயின் பம்பு தள்ளும் தண்ணீர் வடிகட்டியைக் கடந்து குளத்துக்குத் திரும்புகிறதல்லவா, அந்தக் குழாயில் டீ (T வடிவ இணைப்பு) போட்டு இதற்கு எடுக்கிறோம். டீ குளோரின் ஊட்டிக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போட்டால் அடர்ந்த குளோரின் பம்பின் உள்ளே போய் அரித்துவிடும். ஏற்கெனவே அழுத்தத்தோடு வரும் தண்ணீருக்கு மேலும் அழுத்தம் கொடுத்து, தனிக் குழாயில் குளத்துச் சுவருக்கு அனுப்புவதுதான் முக்கால் குதிரைத்திறன் கொண்ட இந்தப் பம்பின் வேலை. தானாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளத் தெரியாது. அதனால்தான் மெயின் ஓடி அரைமணி கழித்து இது தொடங்கும்படியும், மெயின் நிற்பதற்கு முன்பே இது நிற்கும்படியும் டைமரை வைக்கிறோம். ‘இருப்பதன்மேல் கூடுதலாக’ என்பது பெயரிலேயே தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

மலாயில் ‘பம் பெங்காலாக்’ என்பார்கள். 2021-இல் போட்ட மூன்றாவது கோவிட் தடுப்பூசிக்கும் அதே ‘பெங்காலாக்’தான். ஊக்குவிப்பது என்று பொருள். அதைப் பார்த்து ‘ஊக்கி’ என்று வைக்கலாம். ஆனால் வினையூக்கி என்று படித்த பிள்ளைக்கு, குளோரின் டப்பா அடுக்கிய அறையில் ‘ஊக்கி’ என்றால் இன்னொரு மருந்தாகத்தான் தோன்றும்.

‘அழுத்தங்கூட்டி’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சொல்லிப் பார்த்தபோதுதான் உறைத்தது: வாசல் கூட்டுவதும் கூட்டுவதுதானே! இந்தப் பம்பு ஓட்டும் கருவியோ குளத்தின் தரையைக் கூட்டுகிறது. அதன் பையை அவிழ்த்தால் அங்சானா மரத்தின் இலை கத்தை கத்தையாக விழும். எது பம்பு, எது கூட்டும் கருவி என்று குழம்பும்.

ஆகவே ‘அழுத்தமேற்றி’. மின்னேற்றி நமக்குப் பழகிய சொல். நீரேற்றி என்றால் நீரை மேலே ஏற்றுவது. இங்கே ஏறுவது அழுத்தம். உங்கள் கருத்து வேண்டும்.

---

தம்பி,

‘துணை’ என்ற சொல்லை விட்டுவிட்டேன். சீல் கதையைக் கேட்டபின் அதைத் தாங்கிப் பேச மனம் வரவில்லை.

‘அழுத்தமேற்றி’ நன்று. ஒரே குறை, அது பம்பு என்பது பெயரில் இல்லை. மாடித் தொட்டிக்கும் தீயணைப்புக் குழாய்க்கும் இதே இனப் பம்பு உண்டு. பாடநூலில் வரும்போது ‘அழுத்தமேற்று எக்கி’ என்று முழுதாக எழுதுவோம். பம்ப் ரூமில் உங்கள் சொல்லே போதும். அடுத்த முறை ஒட்டும்போது கீழே இன்னொரு வரியும் எழுதிவிடுங்கள்: ‘மெயின் ஓடும்போது மட்டும்’.