புதுப்பிப்பு: சந்தை திறந்ததும் உறையும் சார்ட்

போன மாதம் கேட்டிருந்தேன்: சந்தை திறந்த முதல் பத்து நிமிடம் என் டிரேடிங் கணினியில் விலை சார்ட் எல்லாம் உறைந்துபோகிறது, நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகுமா என்று. வாங்கவில்லை. நல்லவேளை.

டாஸ்க் மேனேஜரில் சிபியு பயன்பாடு 13 சதவீதம்தான் காட்டியது. சும்மாதானே இருக்கிறது என்று விட்டிருந்தேன். லாஜிக்கல் பிராசசர் (விண்டோஸ் தனித்தனியாக வேலை கொடுக்கும் சிபியு பகுதி) வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: எட்டுக் கட்டங்களில் ஏழு தூங்குகின்றன, ஒன்று மட்டும் உச்சியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. எட்டில் ஒன்று என்றால் 12.5 சதவீதம், கணக்கு இடிக்கவில்லை. என் சார்ட் மென்பொருள் இண்டிகேட்டர் (விலையை வைத்துக் கணக்கிட்டுச் சார்ட்டில் காட்டும் குறியீடு) வேலையை ஒரே த்ரெட்டில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில், ஓட்டுகிறது. இதற்குக் கோர் (சிபியுவுக்குள் கணக்குப் போடும் தனிப் பகுதி) எண்ணிக்கையைக் கூட்டிப் பயனில்லை, ஒரு கோரின் வேகம்தான் முக்கியம்.

அப்புறம் தேடியதில் சிக்கியது, வெட்கத்தோடு சொல்கிறேன், நானே எழுதிய இண்டிகேட்டர். ஒவ்வொரு டிக் (புது விலைத் தகவல்) வரும்போதும் சார்ட்டில் உள்ள 5,000 கேண்டிலையும் (ஒவ்வொன்றும் ஒரு நேர இடைவெளியின் விலையைக் காட்டும் கட்டை) முதலிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. கடைசிக் கேண்டிலை மட்டும் பார்க்கும்படி மாற்றியதும் உறைவது நின்றது.

மிச்சமிருந்த சின்னத் திக்கலுக்குக் காரணம் ராம். 8 ஜிபி பிரவுசருக்கே போதவில்லை, நிரம்பி வழிந்தது எஸ்எஸ்டிக்குப் போய்வந்துகொண்டிருந்தது. 16 ஆக்கினேன், சரியாகிவிட்டது. இரண்டு திரைகளையும் சிபியுவோடு வந்த கிராபிக்ஸே அலட்டாமல் ஓட்டுகிறது.

ஆர்டர் போக எடுக்கும் நேரம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. அது இணைப்பின் பாடு. வைஃபையை விட்டுக் கேபிளுக்கு மாறி, பிங் (தகவல் சர்வருக்குப் போய்வரும் நேரம்) அளவைக் குறித்துக்கொண்டிருக்கிறேன்.