விளம்பரம் தவிர தமிழ் வலைப்பூவில் வேறு எப்படிச் சம்பாதிக்கலாம்?

காவிரிக்கரை:
வணக்கம். ஆறு வருஷமா கோயில்கள் பற்றி வலைப்பூ எழுதுறேன். கும்பகோணம், மயிலாடுதுறை சுற்றுவட்டாரம்தான். 190 பதிவு ஆச்சு. எல்லாக் கோயிலுக்கும் நேர்ல போய், எங்கே பஸ் இறங்கணும், எத்தனை மணிக்கு நடை சாத்துவாங்க, சாவி யார் வீட்ல இருக்கும் என்பது வரைக்கும் விசாரிச்சு எழுதுவேன். கூகுள் விளம்பரம் போட்டிருக்கேன். 100 டாலர் சேர்ந்தாதான் கைக்கு வரும், எனக்கு அது சேர ஒன்பது மாசம் ஆகுது. வண்டி பெட்ரோலுக்கே பத்தல. விளம்பரம், அஃபிலியேட் லிங்க் (நம்ம லிங்க் வழியா யாராவது பொருள் வாங்கினா கிடைக்கிற கமிஷன்) இந்த ரெண்டையும் எல்லாரும் சொல்லிட்டாங்க. வேற வழியில யாராவது சம்பாதிச்சிருக்கீங்களா? எழுதுறதை விட மனசு வரல.

ஈரோடு தையல்காரி:
சார், நான் பிளவுஸ் கட்டிங் பற்றி 2017லேர்ந்து எழுதுறேன். மறு வருஷம் கூகுள் விளம்பரம் தமிழுக்கு வந்ததும் நானும் போட்டேன். மாசம் ஐந்நூறு ரூபாயைத் தாண்டல. பணம் வந்தது வேற பக்கத்திலேர்ந்து.

ஒரு பதிவுக்குக் கீழே ஒரு பொண்ணு கேட்டுது, "அக்கா, படிச்சா புரியுது, சாக்பீஸ் எடுத்தா கை நடுங்குது. 36 சைஸை பேப்பர்லயே வெட்டித் தபால்ல அனுப்புவீங்களா?" பிரவுன் ஷீட்ல முன்பக்கம், முதுகு, கை, பட்டி நாலும் வெட்டி அனுப்பினேன். மடிச்சு கவர்ல வச்சது தப்பாப் போச்சு. மடிப்பு விழுந்த இடத்தைப் பென்சில் கோடுன்னு நெனச்சு டாட்டை (உடம்பு வளைவுக்காகத் துணியை மடிச்சுத் தைக்கிற இடம்) அங்கே பிடிச்சிருச்சு, மார்புப் பக்கம் கூம்பா நின்னுது. அதுக்கப்புறம் மடிக்கிறதே இல்ல. எங்க ஊர் ஜவுளிக் கடையில துணி சுத்தி வர்ற அட்டைக்குழல் தூக்கிப்போடுறதுதான். கேட்டு வாங்கி, ரம்பத்தால அறுத்து, அதுக்குள்ள சுருட்டி அனுப்புறேன். டாட் முனையில கோடு போடாம ஆணியால ஓட்டை போட்டுடுறேன், அது மேல சாக்பீஸ் வச்சா துணியில புள்ளி விழுந்துரும். ஒரு செட் 120 ரூபாய், தபால் செலவு தனி. 30லேர்ந்து 44 வரைக்கும் இருக்கு. ஆடி முடிஞ்சு முகூர்த்த சீசன் வந்தா வாரத்துக்கு 25 செட் போகுது.

ரெண்டாவது, வீடியோ கால். தைச்ச பிளவுஸைப் போட்டுக்கிட்டுக் காட்டுவாங்க, சுருக்கம் எங்கே விழுதுன்னு பார்த்தா ஷோல்டர் அதிகமா, ஆர்ம்ஹோல் (கை பொருத்துற வளைவு) குறைச்சலான்னு சொல்லிடலாம். 20 நிமிஷத்துக்கு 150. யூபிஐ-ல வந்த பிறகுதான் நேரம் குடுப்பேன்.

மூணாவதுதான் யாரும் பேசாதது. எழுதினதை அச்சடிக்கிற உரிமையை விற்கிறது. ஒரு தையல் பயிற்சி நிலையம் என் பதிவுகளைக் கேட்காமலே ஜெராக்ஸ் போட்டு, என் பேரை வெட்டிட்டு மாணவிகளுக்குக் கொடுத்துச்சு. அன்னைக்கு ராத்திரி தூங்கல. அந்தக் கோபத்துலதான் ஒவ்வொரு பதிவுக்குக் கீழேயும் "அச்சிட விரும்பினால் எழுதிக் கேளுங்கள்"னு ஒரு வரி சேர்த்தேன். ரெண்டு மாசத்துல இன்னொரு நிலையம் முறையாக் கேட்டுச்சு. 14 பதிவு, ஒரு வருஷம், தாள்ல மட்டும், ஒவ்வொரு பக்கத்துக்கு அடியிலயும் என் வலைப்பூ பேரு. 6,000 ரூபாய்க்கு எழுதிக் கையெழுத்துப் போட்டோம். இப்போ மூணாவது வருஷமா புதுப்பிக்கிறாங்க.

உங்க பதிவுக்குக் கீழே ஜனங்க எதைத் திரும்பத் திரும்பக் கேட்குறாங்க? அதைச் சொல்லுங்க முதல்ல.

மின்னூல் மணி:
பதிவுகளைத் தொகுத்து அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் போடலாம், தமிழ் எழுத்துரு நன்றாகவே வருகிறது. ஒன்றைக் கவனியுங்கள். இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி (எழுதியவருக்கு வரும் பங்கு) வேண்டுமானால் கேடிபி செலக்ட் என்ற அமேசானின் பிரத்தியேகத் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த மின்வடிவம் வேறு எங்கும் இருக்கக் கூடாது, உங்கள் சொந்த வலைப்பூவிலும்தான். 10 சதவீதம் மாதிரிக்கு விடலாம். நான் பழைய பதிவுகளை எடுத்துவிட்டேன், தேடி வருகிறவர்கள் அதோடு குறைந்தார்கள். ஆகவே வலைப்பூவில் இல்லாததை நூலுக்கென்று புதிதாக எழுதுங்கள். வரிப் படிவத்தில் பான் எண்ணை மறக்காமல் கொடுங்கள். அமெரிக்கக் கடையில் விற்கும் பிரதிக்கு 30 சதவீத வரிப் பிடித்தம் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி 15 ஆகும்.

காவிரிக்கரை:
ரெண்டு பேருக்கும் நன்றி. அக்கா, எல்லாரும் கேட்கிறது ஒண்ணுதான். "நவக்கிரகக் கோயில் ஒன்பதும் ரெண்டு நாள்ல, வயசான அம்மாவோட, எந்த வரிசையில போறது?" போன்லயே அரை மணி நேரம் சொல்லுவேன். காசு கேட்டதில்ல. சாமி காரியத்துக்குக் காசு வாங்கலாமான்னு தயக்கமா இருக்கு.

ஈரோடு தையல்காரி:
சாமிக்கு வாங்கல சார், உங்க அரை மணி நேரத்துக்கும் ஆறு வருஷப் பெட்ரோலுக்கும் வாங்குறீங்க. கோயிலைப் பற்றி எழுதினது எல்லாருக்கும் இலவசமாவே இருக்கட்டும். ஒரு குடும்பத்துக்குன்னு உட்கார்ந்து போடுற திட்டம் தனி வேலை.

போன வருஷம் மாமியாரைக் கூட்டிட்டுப் போனோம். டிரைவர் சொன்ன வழியில போய் கஞ்சனூர் சேரும்போது மணி பன்னிரண்டேகால், நடை சாத்தியாச்சு. அவங்களுக்கு முட்டிவலி. நாலு மணி வரைக்கும் வேன்லயே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாங்க. பக்கத்துல சுத்தமான கழிப்பறை எங்கேன்னுகூட எங்களுக்குத் தெரியல. அன்னைக்கு யாராவது 300 ரூபாய்க்கு வரிசை போட்டுக் கொடுத்திருந்தா கையெடுத்துக் கும்பிட்டு வாங்கியிருப்பேன்.

காவிரிக்கரை:
அதைப் படிச்சதும் தயக்கம் போயிடுச்சு அக்கா. நேத்து ராத்திரி உட்கார்ந்து ஒரு தாள் போட்டேன். முதல் நாள் காலையில திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம். மத்தியானம் கும்பகோணத்துல சாப்பாடு, ஓய்வு. நாலு மணிக்கு மேல சூரியனார்கோவில், கஞ்சனூர். மறுநாள் காலையில வைத்தீஸ்வரன்கோவில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், சாயங்காலம் திருநள்ளாறு. ரெண்டாம் நாள் சனிக்கிழமையா அமையாம பார்த்துக்கணும், திருநள்ளாறு கூட்டத்துல வயசானவங்க நிக்க முடியாது. எங்கெங்கே படி அதிகம், எங்கே கழிப்பறை நல்லா இருக்கும்னு ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல எழுதியிருக்கேன். 300 ரூபாய்னு போட்டு வலைப்பூ ஓரத்துல வைக்கிறேன்.

உங்க அச்சு உரிமைத் தாளோட மாதிரி கிடைக்குமா?

ஈரோடு தையல்காரி:
தனிச்செய்தியில அனுப்பிட்டேன். "ஒரு வருஷம்", "தாளில் மட்டும்" ரெண்டு வரியையும் எடுத்துடாதீங்க. அப்புறம், சக்கர நாற்காலி எந்தக் கோயில்ல உள்ளே போகும்னும் அந்தத் தாள்ல சேர்த்துடுங்க சார்.