யூசபிலிட்டி டெஸ்ட் நடத்தத் தெரியும். அடுத்து எந்தத் திறனை வளர்ப்பது?

கேள்வி: நுண்நோக்கி

யூஎக்ஸ் ரிசர்ச்சில், அதாவது பயனர் அனுபவ ஆய்வில், அடிப்படைகள் கைவசம் இருக்கின்றன: டாஸ்க் (பயனர் செய்து பார்க்க வேண்டிய வேலை) எழுதுவது, 5 பேர் ஆப்பை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கும் யூசபிலிட்டி டெஸ்ட் நடத்துவது, ரிப்போர்ட் போடுவது. சிக்கல் இரண்டு இடத்தில். பயனர்கள் "நல்லா இருக்கு", "ஈஸியா இருக்கு" என்பதோடு நின்றுவிடுகிறார்கள். ரிப்போர்ட்டைப் பார்க்கும் புரொடக்ட் மேனேஜரோ, "5 பேர் சொன்னதை வச்சு எப்படி முடிவெடுக்கிறது?" என்று ஒதுக்கிவிடுகிறார். குழுவில் நான் ஒரே ரிசர்ச்சர். திருத்திச் சொல்ல சீனியர் கிடையாது. இன்னொரு சர்டிஃபிகேட் கோர்ஸில் சேரலாமா, வேறு வழி இருக்கிறதா?

பதில் 1: காதுகொடு

கோர்ஸை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். பழைய ரெக்கார்டிங்குகளில் தொடங்குங்கள்.

ஒரு செஷனின் டிரான்ஸ்கிரிப்டை (பேச்சின் எழுத்து வடிவம்) எடுத்து, நீங்கள் பேசிய வரிகளை மட்டும் வண்ணமிடுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குறி போடுங்கள்: ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்வியா, பதிலை உள்ளேயே வைத்திருக்கும் கேள்வியா, இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கட்டியதா, பயனர் யோசிக்கும்போது குறுக்கே விழுந்ததா. "நல்லா இருக்கு" என்ற பதில்கள் பெரும்பாலும் முதல் இரண்டு வகைக்குப் பின்னால்தான் வரும். "இந்த ஃபில்டர் உபயோகமா இருந்துச்சா?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் மரியாதைக்காகவாவது ஆமாம் என்பார். "கடைசியா இந்த மாதிரி ஒன்னைத் தேடினப்ப என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். நடந்து முடிந்ததைச் சொல்ல கருத்து தேவையில்லை, நினைவு போதும்.

டாஸ்க் வாசகத்தையும் பாருங்கள். "முகவரியைத் திருத்து பக்கத்துக்குப் போய் மாத்துங்க" என்று எழுதினால், பட்டனின் பெயரை நீங்களே சொல்லிக் கொடுத்துவிட்டீர்கள். அவர் திரையில் அந்த வார்த்தையைத் தேடுவார், அவ்வளவுதான். "வீடு மாறிட்டீங்க. அடுத்த பார்சல் புது வீட்டுக்கு வரணும்" என்பது போதும். அவர் பாதியில் நிறுத்தி "இதை அழுத்தணுமா?" என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள். "நான் பக்கத்துல இல்லைன்னா என்ன செய்வீங்க?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு, மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த அமைதியைத் தாங்குவதுதான் இந்த வேலையில் மிகக் கடினமான பயிற்சி.

வாரம் ஒரு டிரான்ஸ்கிரிப்ட், அடுத்த செஷனில் ஒரே ஒரு குறையை மட்டும் திருத்துவது. எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்தப் போனால் பயனரைக் கவனிக்க முடியாது.

பதில் 2: எண்ணும்எழுத்தும்

அந்த மேனேஜர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு எண்ணோடு பதில் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்.

"5 பேர் போதும்" என்பது 1993இல் நீல்சன், லாண்டாவர் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கிலிருந்து பரவியது. ஒரு சிக்கல் சராசரியாக 31 சதவீதப் பயனர்களிடம் வெளிப்படும் என்று வைத்தால், 5 பேரில் சுமார் 85 சதவீதச் சிக்கல்கள் தென்பட்டுவிடும். ஆனால் 10 சதவீதம் பேரை மட்டும் தொடும் சிக்கல், 5 பேரில் ஒருவரிடமாவது வெளிப்பட வாய்ப்பு 41 சதவீதம்தான். அதையே 85 சதவீதத்துக்குக் கொண்டுபோக 18 பேர் வேண்டும். ஆகவே பணம் செலுத்தும் பக்கம் போல அபூர்வமான தவறும் பெரிய சேதம் தரும் இடத்தில் 5 பேரோடு நிற்காதீர்கள்.

சிறிய டெஸ்ட் சிக்கல்களைக் கண்டுபிடிக்கத்தான்; எத்தனை சதவீதம் பேர் தடுமாறுவார்கள் என்று அளக்க அல்ல. 5 பேரில் 4 பேர் முடித்ததை "80 சதவீத வெற்றி" என்று ஸ்லைடில் போட்டால் அங்கேயே நம்பகம் போய்விடும். 95 சதவீத நம்பக இடைவெளி (உண்மையான எண் இருக்கக்கூடிய வீச்சு) போட்டுப் பாருங்கள்: உண்மையான வெற்றி விகிதம் சுமார் 36இலிருந்து 98 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். "5 பேரில் 4 பேர்" என்றே எழுதுங்கள். அந்த ஒருவர் எங்கே, எதனால் விழுந்தார் என்பதை விரிவாக எழுதுங்கள்.

எஸ்.யூ.எஸ். (System Usability Scale, பயன்பாட்டு எளிமையை அளக்கும் கேள்வித்தாள்) பயன்படுத்தினால் கணக்கைக் கையால் ஒருமுறை போட்டுப் பழகுங்கள். 10 வாக்கியங்கள், 1 முதல் 5 வரை மதிப்பெண். ஒற்றைப்படை வாக்கியங்களில் மதிப்பெண்ணிலிருந்து 1ஐக் கழிக்க வேண்டும், இரட்டைப்படையில் 5இலிருந்து மதிப்பெண்ணைக் கழிக்க வேண்டும், கூட்டி 2.5ஆல் பெருக்க வேண்டும். வருவது 0 முதல் 100 வரையிலான எண், ஆனால் சதவீதம் அல்ல. சராசரி 68ஐ ஒட்டி இருப்பதால், 70 வாங்கியதைக் கொண்டாட வேண்டியதில்லை.

பதில் 3: முடிவுக்குமுன்

எண்கள் சரிதான். ஆனால் ரிப்போர்ட் ஒதுக்கப்படுவதற்கு முக்கியக் காரணம் அது இல்லை என்பேன். யாருடைய எந்த முடிவுக்காக ஆய்வு என்பது தொடங்கும் முன்பே பேசப்படவில்லை.

அடுத்த முறை ஆளெடுக்கும் முன் மேனேஜரோடு அரைமணி நேரம் உட்காருங்கள். மூன்று கேள்விகள்: எந்த முடிவு நிலுவையில் இருக்கிறது, எந்தத் தேதிக்குள், எதைப் பார்த்தால் மனதை மாற்றிக்கொள்வீர்கள்? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் அந்த ஆய்வைச் செய்யாதீர்கள். பதில் இருந்தால் அவர் வார்த்தையிலேயே எழுதி, ஆய்வுத் திட்டத்தின் முதல் வரியாகப் போடுங்கள். "3 பேருக்கு மேல் இந்தப் படியில் நின்றால் டிசைனை மாற்றுவோம்" என்று அவரே சொல்லியிருந்தால், பிறகு "5 பேர்தானே" என்ற பேச்சு எழாது.

குறைந்தது இரண்டு செஷன்களையாவது அவரை நேரடியாகப் பார்க்க வையுங்கள். முடிந்த கையோடு 15 நிமிடம் எல்லோரும் தாங்கள் கண்டதை எழுத வேண்டும், பேசும் முன்பே. முதலில் பேச விட்டால் குரல் உயர்ந்தவர் கண்டதுதான் எல்லோரும் கண்டதாகிவிடும்.

இன்னொன்று, ஸ்கிரீனர், அதாவது பங்கேற்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். "ஆன்லைனில் பில் கட்டுவீர்களா?" என்று நேராகக் கேட்டால், ஊக்கத்தொகைக்காக எல்லோரும் ஆம் என்பார்கள். கடந்த மாதம் செய்தவை எவை என்று எட்டு செயல்களைப் பட்டியலிட்டு, இல்லாத ஒரு சேவையின் பெயரையும் நடுவில் வையுங்கள். அதைத் தொட்டவரை எடுக்காதீர்கள்.

நுண்நோக்கி:

மூவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம்: குறிப்புகளைத் தனி ஆளாகத் தொகுக்கும்போது, நான் எதிர்பார்த்ததையே கண்டுபிடிக்கிறேனோ என்று தோன்றுகிறது. இரண்டாவது ஆள் இல்லாமல் இதை எப்படிச் சோதிப்பது?

காதுகொடு:

ஸ்பிரெட்ஷீட்டில் ஒரு வரிக்கு ஒரே ஒரு கவனிப்பு. பங்கேற்பாளர் எண், ரெக்கார்டிங்கில் எத்தனையாவது நிமிடம், கண்ணால் கண்டது, அவர் சொன்ன வாக்கியம், உங்கள் விளக்கம் என ஐந்து பத்திகள். கடைசிப் பத்தியை எல்லா செஷனும் முடியும் வரை காலியாக விடுங்கள். "குழம்பினார்" என்பது விளக்கம். "மெனுவை மூன்று முறை திறந்து மூடினார்" என்பது கவனிப்பு. முதல் செஷனிலேயே விளக்கம் எழுதத் தொடங்கினால், அடுத்த நான்கில் அதற்குச் சாட்சி தேடுவீர்கள்.

பிறகு ஒரு செஷனின் வரிகளுக்குத் தலைப்பு கொடுத்து, மறைத்து வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து அதே வரிகளுக்கு மறுபடி கொடுங்கள். இரண்டு முறையும் வேறுவேறு தலைப்பின் கீழ் போன வரிகளைத் தனியே எடுங்கள். தலைப்பின் வரையறை தெளிவில்லாத இடம் அதுதான். அதைத் திருத்திவிட்டு மற்ற செஷன்களுக்குப் போங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் எதிராக நிற்கும் வரிகளையும் தேடி, ரிப்போர்ட்டில் அதே பக்கத்தில் போடுங்கள். டிசைனர் யாராவது இருந்தால், விளக்கப் பத்தியை மறைத்த ஷீட்டில் 20 வரிகளைக் கொடுத்து அவரையும் தொகுக்கச் சொல்லலாம். அரைமணி நேர வேலை, யாரும் மறுக்க மாட்டார்கள்.