உப்புத்தண்ணீர் பம்ப்பில் மெக்கானிக்கல் சீல் நிற்கவே மாட்டேன் என்கிறது, எந்த சீல் போடலாம்?

வாலிநோக்கம்_உப்பளம்
அவசரம். உப்பளத்து சென்ட்ரிஃபியூகல் பம்ப். ஷாஃப்ட் (சுழலும் தண்டு) வழியே தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல், மாற்றிய கொஞ்ச நாளிலேயே ஒழுக ஆரம்பித்துவிடுகிறது. கடையில் கொடுத்த அதே சைஸைத்தான் மாற்றி மாற்றிப் போடுகிறோம். சீசன் உச்சத்தில் இருக்கிறது, முதலாளி தலைமேல் நிற்கிறார். நல்ல சீல் எது, எந்த கம்பெனி என்று மட்டும் சொல்லுங்கள். போட்டோ பிறகு போடுகிறேன்.

மதுரை_மெயின்டனன்ஸ்
தம்பி, கம்பெனி பெயர் கடைசியில் வரட்டும். எந்தத் தண்ணீர்? கடலிலிருந்து இழுக்கும் தண்ணீரா, பாத்திக்கு ஏற்றும், வெயிலில் வற்றி உப்பு ஏறிய கெட்டித்தண்ணீரா? எத்தனை டிகிரி போமே (தண்ணீரின் அடர்த்தி அளவு)? ஷாஃப்ட் சைஸ், ஆர்பிஎம்? தண்ணீர் தானாக பம்ப்புக்கு வருகிறதா, உறிஞ்சி எடுக்கிறதா? இப்போதுள்ள சீலில் ஒன்றோடொன்று உரசும் இரண்டு ஃபேஸும் என்ன மெட்டீரியல்? கழற்றிய சீலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதில்தான் பதில் இருக்கிறது.

மண்டபம்_ஹேச்சரி
ஸ்பிரிங்கைப் பாருங்கள் அண்ணே. எங்கள் இறால் ஹேச்சரியில் கடல்தண்ணீர் பம்ப் இதே போலத்தான் படுத்தியது. கழற்றிப் பார்த்தால் 304 ஸ்டீல் ஸ்பிரிங் துண்டு துண்டாக உடைந்து கிடந்தது. உப்புக்கு அரிக்காத ஹாஸ்டெல்லாய் (நிக்கல் கலவை) ஸ்பிரிங் போட்ட பிறகு தொந்தரவே இல்லை. உங்களுக்கும் அதுதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சுழலி
இந்தக் கேள்வி இங்கே பல முறை வந்தாயிற்று, ஒருவரும் தேடிப் படிப்பதில்லை. சீலைக் குறை சொல்லும் முன் பம்ப்பைப் பாருங்கள். டயல் இண்டிகேட்டர் வைத்து ஷாஃப்ட் ரன்அவுட் (சுழலும்போது எவ்வளவு ஆடுகிறது என்று) எடுத்தீர்களா? 0.05 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா? மோட்டாரும் பம்ப்பும் சேரும் கப்ளிங் அலைன்மென்ட் நேராக இருக்கிறதா? பேரிங் தேய்ந்த பம்ப்பில் தங்கத்தில் சீல் செய்து போட்டாலும் ஒழுகும். அடிப்படை தெரியாமல் பம்ப்பில் கை வைக்கக் கூடாது.

பழைய_ஃபிட்டர்
எதற்கு இந்தப் பாடு? மெக்கானிக்கல் சீலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஷாஃப்டைச் சுற்றி இறுக்கும் கிளாண்ட் பேக்கிங் கயிறு போடுங்கள். நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு விழட்டும். ஒழுகுவது உப்புத்தண்ணீர்தானே, ஆசிட் இல்லையே. கீழே போனாலும் பாத்திக்குத்தான் போகும்.

சுழலி
ஐயா, கெட்டித்தண்ணீர் சொட்டினால் அந்த இடத்திலேயே காய்ந்து உப்பாகும். அந்தக் கல் கயிற்றுக்குள் போய் ஷாஃப்ட் மேல் மாட்டிய ஸ்லீவை அரம் போல ராவும். புதுக் கயிறு போட்டாலும் அந்தக் கோட்டில் தண்ணீர் வழியும். பேஸ் பிளேட்டும் பேரிங் ஹவுசிங்கும் துருவாகும். இது 2 தலைமுறைக்கு முந்தைய வைத்தியம்.

பழைய_ஃபிட்டர்
வைத்தியம் பழையதுதான், பம்ப் ஓடியது. கயிற்றுக்கு நடுவே லான்டர்ன் ரிங் என்ற துளை வளையம் வைத்து நல்ல தண்ணீர் கொடுத்தால் ஸ்லீவ் தேயாது. ராத்திரி 2 மணிக்குக் கயிறு மாற்ற யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, பம்ப்பைப் பிரிக்கவும் வேண்டியதில்லை. சீல் போனால் பாதி பம்ப்பைக் கழற்ற வேண்டும். நீங்கள் உப்பளத்தில் வேலை பார்த்திருக்கிறீர்களா?

மதுரை_மெயின்டனன்ஸ்
இருவரும் வேறு இழை போட்டுப் பேசுங்கள். கேட்டவர் இன்னும் தண்ணீர் என்னவென்றே சொல்லவில்லை.

வாலிநோக்கம்_உப்பளம்
மன்னிக்கவும், டவர் இல்லை. பாத்திக்குப் போகும் கெட்டித்தண்ணீர், 22 முதல் 24 டிகிரி. ஷாஃப்ட் 40 மில்லிமீட்டர், 1450 ஆர்பிஎம். உறிஞ்சும் குழாயின் அடியில் தண்ணீர் திரும்பாமல் ஃபுட் வால்வ் வைத்து உறிஞ்சுகிறது. சீல் கார்பனும் வெள்ளை செராமிக்கும். ஸ்பிரிங் உடையவில்லை. கார்பன் முகத்தில் வட்ட வட்டமாகக் கோடு. கிளாண்டுக்கு (சீலைப் பிடிக்கும் தட்டு) அடியில் உப்பு தடித்துத் தொங்குகிறது. மாலை 6 மணிக்கு நிறுத்திக் காலையில் போடுவோம். காலையில் போட்டதும்தான் ஒழுகல் அதிகம்.

மதுரை_மெயின்டனன்ஸ்
கடைசி வரிதான் விஷயம்.

ஓடும்போது இரண்டு ஃபேஸுக்கும் நடுவே மெல்லிய தண்ணீர்ப் படலம் இருக்கும். வெளிக்காற்று படும் விளிம்பில் அது ஆவியாகிக்கொண்டே இருக்கும். 25 டிகிரியைத் தாண்டினாலே உப்பு விழும் என்பது உங்களுக்குத் தெரியும். 24 டிகிரித் தண்ணீர் ஆவியாகி அந்த அளவைத் தொட எவ்வளவு நேரம் ஆகும்? ராத்திரி நிறுத்தியதும் ஃபேஸுக்கு நடுவிலும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) நகரும் இடத்திலும் உப்பு கட்டி இறுகிவிடும். காலையில் மோட்டார் போட்டதும் அந்தக் கல் கார்பனைக் கீறும். ஓ-ரிங் ஒட்டிக்கொண்டதால் ஃபேஸ் முன்னுக்கு நகர்ந்து மூடவும் முடியாது. வட்டக் கோடு, அடியில் உப்பு, காலை ஒழுகல், மூன்றும் இதைத்தான் சொல்கின்றன. அலைன்மென்ட் பாருங்கள், நல்லதுதான், ஆனால் மூலம் அது இல்லை.

சீல்: கார்பன் வேண்டாம். இரண்டு ஃபேஸும் சிலிக்கான் கார்பைடு. குட்டிக் குட்டி ஸ்பிரிங்குகள் தண்ணீருக்குள் இருக்கும் மாடல் வேண்டாம், இடுக்கில் உப்பு அடைத்துக்கொள்ளும். ஸ்பிரிங் வெளிப்பக்கம் இருப்பதாக வாங்குங்கள். ஸ்பிரிங் ஹாஸ்டெல்லாய் சி-276, மண்டபம் தம்பி சொன்னது சரி. மற்ற உலோகம் 316 ஸ்டீல் என்றால் நின்ற உப்புத்தண்ணீரில் குழி விழும், முடிந்தால் டூப்ளெக்ஸ் 2205 ஸ்டீல். ஓ-ரிங் ஈபிடிஎம், விட்டான் எந்த ரப்பரானாலும் இந்தத் தண்ணீருக்குத் தாங்கும்.

ஒரு எச்சரிக்கை. சிலிக்கான் கார்பைடு இரண்டு பக்கமும் போட்டால் தண்ணீர் இல்லாமல் ஓடவே கூடாது, சீக்கிரம் வெடித்துவிடும். உங்கள் ஃபுட் வால்வ் ராத்திரியில் கசிந்தால் காலையில் பம்ப் வறண்டு கிடக்கும். பிரைமிங் (பம்ப்பில் தண்ணீர் நிரம்பியிருக்கிறதா என்று) பார்க்காமல் சுவிட்ச் போடாதீர்கள்.

சுழலி
சீலின் வெளிப்பக்கத்தைக் கழுவும் குவெஞ்ச் தண்ணீர் இல்லாமல் எந்த சீலும் இங்கே நிற்காது. ஏபிஐ தரத்தில் இதன் பெயர் பிளான் 62. கிளாண்ட் பிளேட்டில் ‘க்யூ’ என்று பொறித்த ஒரு துளை பிளக் போட்டு மூடியிருக்கும், அதுதான் வழி. இந்தக் கடைச் சீல்களில் அந்தத் துளையே இருக்காது, கேட்டு வாங்குங்கள். நல்ல தண்ணீர் விட வேண்டும்.

வாலிநோக்கம்_உப்பளம்
நல்ல தண்ணீருக்கு எங்கே போவது சார்? குடிக்கிற தண்ணீரே டேங்கரில் வருகிறது.

பழைய_ஃபிட்டர்
தம்பி, நிறுத்துவதற்கு முன் கடல்தண்ணீரை ஓட்டிக் கழுவுங்கள். கடல்தண்ணீர் மூன்றரை டிகிரிதான், கெட்டி உப்பை நன்றாகவே கரைக்கும். சக்‌ஷனில் மூன்று வாய் உள்ள ஒரு டீ போட்டு, கெட்டித்தண்ணீருக்கும் கடல்தண்ணீருக்கும் இரண்டு வால்வ் வையுங்கள். ஒரு நிமிடம் ஓட்டினால் போதும், பாத்தி டிகிரி இறங்காது.

மதுரை_மெயின்டனன்ஸ்
ஃபிட்டர் அண்ணன் சொல்வது சரி. ஃபேஸுக்கு உள்பக்கம் அதுவே போதும். வெளிப்பக்கக் குவெஞ்சுக்கு மட்டும் நல்ல தண்ணீர்: உயரத்தில் ஒரு டிரம் வைத்துச் சொட்டுவிட்டால் போதும், அழுத்தம் தேவையில்லை. கீழே வரும் தண்ணீரைப் பிடித்து, உப்பு ஏறும்வரை திரும்ப ஊற்றலாம்.

மண்டபம்_ஹேச்சரி
இதைக் கடல்தண்ணீர் பம்ப்புக்கும் செய்யலாமா? மூன்றரை டிகிரிக்குக் குவெஞ்ச் தேவையா?

வாலிநோக்கம்_உப்பளம்
டீ போட்டு மாலையில் கழுவி நிறுத்தினோம். பழைய வகைச் சீல்தான் இன்னும் இருக்கிறது, ஆனால் காலையில் ஒழுகல் வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஃபுட் வால்வ் ரப்பரும் கிழிந்திருந்தது, மாற்றியாயிற்று. சிலிக்கான் கார்பைடு சீலுக்கு மதுரையில் ஆர்டர் சொல்லியிருக்கிறோம், ‘க்யூ’ துளை உள்ள கிளாண்டோடு. வந்ததும் எழுதுகிறேன்.