இன்வெர்ஸ் பிசிஆரில் ஸ்மியர் மட்டும்தான் வருகிறது, உதவி வேண்டும்

வேர்முடிச்சு: வணக்கம். பெங்களூரு ஹெப்பாள் பக்கம் ஒரு ஆய்வகத்தில் நெல்லில் வேலை செய்கிறேன். நெல்லுக்குள் செலுத்திய வெளி டிஎன்ஏ துண்டு (டி-டிஎன்ஏ) நெல் குரோமோசோமில் எந்த இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இடது எல்லை வரை வரிசை கையில் இருக்கிறது, அதற்கு அந்தப் பக்கம் என்னவென்று தெரியாது. அதனால்தான் இன்வெர்ஸ் பிசிஆர், அதாவது டிஎன்ஏவை வெட்டி, துண்டை வட்டமாக ஒட்டி, தெரிந்த பகுதியிலிருந்து வெளிநோக்கிப் பெருக்குவது. 1 மைக்ரோகிராம் டிஎன்ஏவை ஹிண்ட் த்ரீ என்ற வெட்டும் என்சைமால் வெட்டி, அதைச் சாகடிக்க 65 டிகிரியில் 20 நிமிடம் வைத்து, 20 மைக்ரோலிட்டரிலேயே லிகேஸ் (முனைகளை ஒட்டும் என்சைம்) போட்டு இரவு முழுக்க 16 டிகிரியில் விட்டேன். ஜெல்லில் குழியிலிருந்து கீழே வரை கஞ்சி வடிந்த மாதிரி ஒரே வெள்ளை, ஸ்மியர். மூன்று வாரமாக இதேதான். பிரைமரில் (பெருக்கத்தைத் தொடங்கி வைக்கும் சிறு டிஎன்ஏ) தப்பா அக்கா, அண்ணா?

பழைய பெஞ்ச்: பிரைமரைக் குறை சொல்வதற்கு முன் லிகேஷனை, அதாவது ஒட்டும் படியைப் பாருங்கள் தம்பி. மைக்ரோலிட்டருக்கு 50 நானோகிராம் இருந்தால் ஒரு துண்டின் முனை தன் மறுமுனையைத் தேடிப் போகாது, பக்கத்துத் துண்டோடு ஒட்டிக்கொள்ளும். நமக்கு வேண்டியது வட்டம். 500 நானோகிராமை 500 மைக்ரோலிட்டருக்கு நீர்த்து லிகேஷன் வையுங்கள், அப்புறம் எத்தனால் போட்டு வீழ்த்திக் கொள்ளலாம். இன்னொன்று, ஹிண்ட் த்ரீ 65 டிகிரிக்கு முழுசாகச் சாகாது, 80 வேண்டும். உயிரோடு இருந்தால் லிகேஸ் ஒட்டியதை அதுவே திரும்ப வெட்டும். லிகேஸ் போடாத ஒரு குழாயையும் கூடவே ஓட்டுங்கள், அதிலும் அதே பேண்ட் (ஜெல்லில் ஒரே அளவுத் துண்டுகள் சேர்ந்து தெரியும் கோடு) வந்தால் அது வட்டத்திலிருந்து வந்ததல்ல.

மல்லேஸ்வரம்காரி: ஹிண்ட் த்ரீ தேடி வெட்டுவது 6 எழுத்து வரிசையை, சராசரியாக 4096 எழுத்துக்கு ஒரு வெட்டுத்தான். வட்டம் பெரிதானால் பிசிஆரில் நகலெடுக்கும் சாதாரண டாக் என்சைம் தாண்டாது, அதனால் இரண்டு மூன்று என்சைமைத் தனித்தனியாக முயன்று பாருங்கள். அப்படியும் வராவிட்டால் டெயில் பிசிஆர், லியூவும் விட்டியரும் 1995ல் சொன்ன முறை, லிகேஷனே கிடையாது, பிரைமரைச் சுற்றுக்குச் சுற்று உள்ளே தள்ளி வைத்து மூன்று சுற்று பிசிஆர். இரண்டாம், மூன்றாம் சுற்றை ஜெல்லில் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டினால், உள்ளே தள்ளி வைத்த பிரைமர் அளவுக்குப் பேண்ட் சரியாகச் சுருங்கியிருக்க வேண்டும். அந்தச் சுருக்கம் தெரியாமல் சீக்வென்சிங்கிற்கு அனுப்பாதீர்கள்.

வேர்முடிச்சு: நீர்த்தேன், 80 டிகிரி வைத்தேன். 1.3 கிலோபேஸில் (1300 எழுத்து) கூர்மையாக ஒரே பேண்ட், லிகேஸ் இல்லாத குழாயில் ஒன்றுமில்லை! வரிசையில் முதலில் டி-டிஎன்ஏ, எல்லையில் 20 எழுத்துப் போல விடுபட்டு, உடனே நெல்.

பழைய பெஞ்ச்: இடது எல்லையில் அப்படி விடுபடுவது சகஜம், கவலை வேண்டாம். அந்த நெல் வரிசையிலிருந்து ஒரு பிரைமர், டி-டிஎன்ஏவிலிருந்து ஒன்று வைத்து, வெட்டாத டிஎன்ஏவில் நேரே பிசிஆர் செய்து அந்த இடத்தை உறுதிப்படுத்திவிடுங்கள்.