இட்லிப்பூக் குச்சி அழுகுது, இலையும் மஞ்சள்

கேள்வி: இட்லிப்பூக் குச்சி நட்டால் பத்தே நாளில் அடி கறுத்து அழுகிவிடுகிறது. கலவை: செம்மண், தொழு உரம். தாய்ச்செடியிலும் கொழுந்திலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. போர் தண்ணீர்தான்.

பதில் 1: தொழு உரத்தை எடுங்க, அழுகலுக்கு அதுதான் இடம் கொடுக்குது. மணலும் தேங்காய் நார்க்கழிவும் சரிபாதி போதும். பூத்த நுனி வேண்டாம். பச்சை மாறி லேசாப் பழுப்பேறின குச்சி, 12–15 செ.மீ. கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, உச்சியில் இரண்டு இலையைப் பாதியா நறுக்கி விட்டு மீதியைக் கிள்ளிடுங்க. வேர் ஹார்மோன் தூளில் தொட்டு நட்டு, பாலித்தீன் பையால் மூடி நிழலில் வைங்க. 6–8 வாரம் ஆகும். வேர் வந்துச்சான்னு நடுவில் இழுத்துப் பார்த்தால் போச்சு!

பதில் 2: மஞ்சள் இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும் காரத் தண்ணீரில் வேர் அதை எடுக்காது. லிட்டர் தண்ணீருக்கு அன்னபேதி (இரும்பு சல்பேட்) 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம். மாலையில் தெளிங்க, 10 நாள் விட்டு மறுபடி. வெளுத்த பழைய இலை தேறுவது கஷ்டம், புதுத் தளிரைப் பாருங்க. சிமெண்ட் சுவரோரம் இருந்தால் தள்ளி வைங்க, சுண்ணாம்பு கசியும்.

பதில் 3: குச்சியே சரிப்படலன்னா மழைக்காலத் தொடக்கத்தில் விண்பதியன், அதாவது கிளையை வெட்டாமல் செடியிலேயே வேர்விட வைக்கிறது. 2 செ.மீ. அகலத்துக்குப் பட்டையை உரித்து, உள்ளே வழவழப்பு போகச் சுரண்டணும்; அது மிஞ்சினால் பட்டை மறுபடி கூடிடும், வேர் வராது.